கனடா கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் தெருவையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் மட்டும் எடுத்தாலே இந்த ஆகஸ்ட் கடைசிக்குள் மூன்று பேர் கனடா கிளம்புகிறார்கள். இரண்டு பேர் படிக்க, ஒரு பெண் கல்யாணம் முடிந்து பி.ஆரில், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில். மூன்று வீட்டிலும் உட்கார்ந்து சொன்னதையே திரும்பச் சொல்லி முடித்தபோது, இதை எழுதி வைத்துவிட்டால் சத்தியமங்கலத்திலும் தாராபுரத்திலும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் ஆகுமே என்று தோன்றியது. நான் ஏழு வருடமாக டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். அதனால் கீழே சட்டம், விதி என்று வருவது ஒன்டாரியோ மாகாணத்து நிலவரம்.

பெட்டியைப் பற்றித்தான் எல்லா வீட்டிலும் முதலில் கேட்கிறார்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. இங்கே வீட்டில் ஓடுகிற மிக்ஸியையோ கிரைண்டரையோ கொண்டுபோய் அங்கே செருகினால் ஒழுங்காக ஓடாது. கோயம்புத்தூரிலேயே வெளிநாட்டுக்கென்று 110 வோல்ட் கிரைண்டர் செய்கிறார்கள், கடையில் அப்படிச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கொள்ளு, கம்பு, ராகி மாவு, நல்லெண்ணெய் எல்லாம் ஸ்கார்பரோ கடைகளில் கிடைக்கும், அதற்காக எடையை வீணாக்க வேண்டாம். அம்மா அரைத்த மசாலாப் பொடிக்கு இடம் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், செடி, விதை, பால் பொருள்கள் வேண்டாம். எந்தச் சாப்பாட்டுப் பொருள் பையில் இருந்தாலும் விமான நிலையத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகம் போனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். குளிர் கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்காதீர்கள், நம் கடைகளில் இருப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. திருப்பூர் பனியன் நிறைய எடுத்துப் போங்கள், ஆனால் ஜனவரியில் வெளியே போகும்போது உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், அந்த ஈரம்தான் குளிரை உள்ளே இழுக்கும்.

கிளம்பும் முன் பல்லையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். அங்கே மாகாண மருத்துவக் காப்பீட்டில் பெரியவர்களுக்குச் சாதாரணப் பல் வைத்தியம் கிடையாது, கண்ணாடியும் சொந்தக் காசுதான். இன்னொன்று, கார் ஓட்டுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் லைசென்ஸ் விவரத்துக்கு எக்ஸ்ட்ராக்ட், அதாவது அலுவலகப் பதிவின் நகல், வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் குடியேறிய 60 நாள் வரைதான் நம் லைசென்ஸில் ஓட்டலாம். அப்புறம் ஜி1 என்கிற முதல் கட்ட எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். பழைய அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட முடிந்தால் காத்திருக்கிற காலம் குறையும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் சின் நம்பர், பேங்க் கணக்கு, போன். சின் என்பது வேலைக்கும் வரிக்கும் வேண்டிய ஒன்பது இலக்க எண், சர்வீஸ் கனடா என்கிற அரசு அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். வேலை கொடுப்பவருக்கும் பேங்க்குக்கும் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள். பி.ஆரில் வருபவர்கள் ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் கார்டுக்கு உடனே எழுதிப் போடலாம், முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020-ல் எடுத்துவிட்டார்கள். படிக்க வருபவர்களுக்கு ஓஹிப் கிடையாது, கல்லூரிக் காப்பீடுதான், அது எதற்கெல்லாம் பணம் தரும் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். கோயம்புத்தூரில் போல நேராகப் போய் ஸ்பெஷலிஸ்ட் முன்னால் உட்கார முடியாது. முதலில் குடும்ப டாக்டரோ வாக்-இன் கிளினிக்கோ, அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்றது, அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம்.

வீடு விஷயத்தில் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். ஊரிலிருந்தே போட்டோ பார்த்து ஒரு பேஸ்மென்ட், அதாவது வீட்டின் தரைக்குக் கீழே உள்ள பகுதி, பேசி முடித்தேன். வீட்டுக்காரரும் தமிழ்தான் என்ற ஒரே நம்பிக்கையில் நான்கு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினேன். போய்ப் பார்த்தால் படுக்கை அறைக்கு ஜன்னலே இல்லை, ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது, பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. ஒன்டாரியோ சட்டப்படி முதல் மாத வாடகையும், முன்பணமாகக் கடைசி மாத வாடகையும் மட்டும்தான் கேட்கலாம், அதற்கு மேல் கேட்பது தப்பு என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொல்லாமல் ஒரு டாலர் கூட அனுப்பாதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு வாரத்துக்கு எங்காவது தங்கிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னல், புகை அலாரம், ஹீட்டர் மூன்றையும் கண்ணால் பாருங்கள், எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தோம் என்பது நம்ம பக்கத்தில் பெருமை. அங்கே கடனே வாங்காதவரைப் பற்றிப் பேங்க்குக்கு எதுவும் தெரியாது. கிரெடிட் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை, அது இல்லாமல் வீடு கிடைப்பதே கஷ்டம். சின்ன வரம்பில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் தேய்த்து, மாதம் தவறாமல் முழுப் பணத்தையும் கட்டுங்கள், வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். அப்புறம், டீ வாங்கும்போதெல்லாம் டாலரை ரூபாய்க் கணக்கில் பெருக்கிப் பார்க்கிற வேலையை, சம்பளம் டாலரில் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். பெருக்கிப் பெருக்கிச் சரியாகச் சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

நம்ம பக்கம் ஒரு வீட்டில் எழவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட்டு வேலை சொல்ல வேண்டியதில்லை. பந்தலுக்குச் சொல்வதிலிருந்து வந்தவர்களுக்குச் சோறாக்குவது வரை பங்காளிகளும் மாமன் மச்சான்களும் எடுத்துச் செய்துவிடுவார்கள். கல்யாணமும் அப்படித்தான். இப்படி வளர்ந்ததால் வாயைத் திறந்து உதவி கேட்பது நமக்குப் பழக்கமே இல்லை, கேட்பதைக் குறைச்சலாகக்கூட நினைக்கிறோம். அங்கே கேட்காமல் யாரும் வரமாட்டார்கள். மனதில் ஈரம் இல்லாமல் அல்ல, அடுத்தவர் விஷயத்தில் கூப்பிடாமல் தலையிடாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

என் இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரி மாதம், அப்பாரு, அதாவது தாத்தா, இறந்துபோனார். ஊரில் காலை ஒன்பதரைக்கு எடுத்தார்கள், எனக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணி. மாமன் மகன் கையில் பிடித்திருந்த போனில் பார்த்தேன். ஊரே வாசலில் நின்றது, நான் மட்டும் அறையில் தனியாக. மறுநாள் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், யாராவது தானாக வந்து கேட்க மாட்டார்களா என்றும் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் வாசல் பனிக்கு உப்புப் போட, உப்பு மூட்டையை எடுக்க மேல்வீட்டுக்குப் போனபோது, அங்கே இருந்த யாழ்ப்பாணத்து அன்ரியிடம் என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "ஏன் தம்பி முதலே சொல்லேல்ல?" என்றார், அவ்வளவுதான். அன்று சாயந்தரம் புட்டும் சொதியும் வந்தது. தான் பார்த்தே இராத ஒரு மனிதருக்காகத் தன் சாமி அறையில் ஒரு வாரம் விளக்கு வைத்தார். அந்த நான்கு நாளில் நான் என்னையே எவ்வளவு வாட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் கேளுங்கள். வேலையிடத்தில் புரியாவிட்டால் உடனே கேளுங்கள், தலையாட்டிவிட்டு வராதீர்கள், நம் தலையாட்டல் அவர்களுக்குப் புரியாது. அறுபது வயது மேனேஜரையும் அங்கே பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'ங்க' போடாமல் பேச நமக்கு நாக்கு கூசும், ஆனால் அது அவமரியாதை இல்லை, சில மாதத்தில் பழகிவிடும். பி.ஆரில் வந்தவர்களுக்கு வேலை தேட, ஆங்கிலம் படிக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் குடியேறியோர் உதவி மையங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கும். 211-க்குப் போன் செய்தால் வீடு, சாப்பாடு, சட்ட உதவி எதற்கு எங்கே போவதென்று சொல்வார்கள். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, கார்டு இலவசம், ஞாயிற்றுக்கிழமைத் தனிமைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஈழத்து மக்களோடு பழகுங்கள். ஸ்கார்பரோவில் நமக்கு முன்னால் வந்து, கடையும் கோயிலும் கட்டி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் 'கதைப்பார்கள்', நாம் 'பேசுவோம்', ஒரு மாதத்தில் காதுக்குப் பிடிபட்டுவிடும். பலர் 1983-க்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், போரைப் பற்றி நாமாகத் தோண்டிக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாம் புதிதாக இருப்பதால் ஓடிவிடும். நவம்பருக்கு மேல்தான் கஷ்டம். டிசம்பரில் காலை ஏழரைக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு என்றால் வெயிலில் வளர்ந்த மனசு சோர்ந்துதான் போகும், அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள், வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் அரிசியும் பருப்பும் ஆக்கி ஒருவரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். மாவு புளிக்காவிட்டால் ஓவனை எரியவிடாமல் உள்ளே இருக்கும் லைட்டை மட்டும் போட்டு அதற்குள் வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், எந்த நேரமானாலும் 988-க்குப் போன் செய்யுங்கள், மெசேஜும் அனுப்பலாம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் பேச வேண்டியிருக்கும், உடைந்த ஆங்கிலமானாலும் பேசுங்கள்.

வீட்டுக்குப் போன் செய்யும்போது பொய் சொல்லாதீர்கள். தோட்டத்துப் பத்திரத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்களே என்று, அழுது முடித்த முகத்தைக் கழுவிவிட்டு "நல்லா இருக்கேம்மா" என்று சொல்கிற பிள்ளைகள் நிறையப் பேர். எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், ஆனால் "இந்த வாரம் கஷ்டமா இருக்குதும்மா" என்று சொன்னால் அம்மா உடைந்துபோக மாட்டார்கள். பெற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மாணவர்கள் படிப்பு நடக்கும் மாதங்களில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பக்கத்து வீட்டுப் பையன் இவ்வளவு அனுப்பினான் என்று கேட்டுக்கேட்டுத்தான் பிள்ளைகள் கணக்கில் வராத கைக்காசு வேலைக்குப் போய் விசாவை ஆபத்தில் வைக்கிறார்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை. அம்மிச்சி "இன்னிக்கு ஏன் கண்ணு நேரங்கழிச்சுக் கூப்பிடறே?" என்று பயப்படும் முன்பே அதைச் சொல்லி வையுங்கள்.

நான் இந்த மாதக் கடைசியில் திரும்பிப் போகிறேன். என்னிடம் 110 வோல்ட் கிரைண்டர் இருக்கிறது, சனிக்கிழமை காலையில் மாவு ஆட்டுவேன். ஸ்கார்பரோ பக்கம் வந்து சேர்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ராத்திரி அரிசியை ஊறப்போட்டுவிட்டு, காலையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.