தூண்டுமருந்துப் பழக்கம்: எந்தச் சொல்லுக்கு எந்தக் குறியீடு?

கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைக் கோப்புகளுக்குக் குறியீடு போடும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. மெத்தாம்பெட்டமின் போன்ற தூண்டுமருந்துகளுக்கு ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் எஃப்15. கொக்கெய்னுக்குத் தனியாக எஃப்14. இதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றமெல்லாம் புள்ளிக்குப் பின்னால்தான்.

ஒரே கோப்பில் மருத்துவர் ஓரிடத்தில் 'அப்யூஸ்' (தீய பயன்பாடு) என்றும் வேறோரிடத்தில் 'டிபென்டென்ஸ்' (சார்ந்திருத்தல்) என்றும் எழுதியிருந்தால், டிபென்டென்ஸ் மட்டுமே: எஃப்15.20. 'யூஸ்' (வெறும் பயன்பாடு), 'அப்யூஸ்' இரண்டும் இருந்தால் அப்யூஸ் மட்டும்: எஃப்15.10. 'யூஸ் டிஸார்டர், மைல்ட்' (லேசான பயன்பாட்டுக் கோளாறு) என்றாலும் 15.10தான், மாடரேட் (மிதமானது), சிவியர் (தீவிரமானது) இரண்டும் 15.20. அப்யூஸால் மாயத்தோற்றத்துடன் மனநோய் வந்ததாக மருத்துவரே தொடர்புபடுத்தி எழுதியிருந்தால் எஃப்15.151. அவர் தொடர்புபடுத்தவில்லை என்றால் நாம் முடிச்சுப் போடக் கூடாது.

சிறுநீர்ப் பரிசோதனையில் 'ஆம்பெட்டமின் பாசிட்டிவ்' என்று கண்டதும் கை எஃப்15ஐ நோக்கித்தான் போகும். போகட்டும், அதற்குமுன் மருந்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்காக எழுதிக்கொடுத்த அட்டரால் அங்கே இருக்கலாம்; அந்த மருந்தே ஆம்பெட்டமின்தான். ஆய்வக முடிவு ஒருபோதும் நோயறிதல் ஆகாது. சந்தேகம் இருந்தால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள். "இது அப்யூஸ்தானே?" என்று பதிலை அவர் வாயில் திணிக்காமல், பரிசோதனை முடிவைச் சுட்டி, அதன் மருத்துவப் பொருள் என்ன என்று மட்டும் கேளுங்கள்.