மேல்மண்ணைப் புதைத்துவிட்டு உரத்தைத் தேடாதீர்கள்

போன மாதம் அந்தியூர்ப் பக்கம் புதிதாகக் காடு, அதாவது விளைநிலம், வாங்கிய தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, நாளைக்கு ஜேசிபி வருதுங்க. காட்டைச் சமன் பண்ணிட்டு, அப்புறமா மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் காட்டுக்குப் போய்விட்டேன்.

யூரியாவை அள்ளிக் கொட்டாதே, கரும்புத் தோகையை எரிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பட்டு அனுபவித்ததைப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சமப்படுத்துகிறேன் என்று மேல்மண்ணைத் தொலைப்பது

14 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. தண்ணீர் சீராகப் பாயட்டும் என்று இயந்திரத்தை விட்டேன். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுவதால், சீக்கிரம் முடிந்தால் சரி என்று நின்றேன். பக்கத்துக் காட்டுப் பெரியவர் வரப்பில் நின்று, "ஏந்தம்பி, மேல இருக்கறதக் கீழ போட்டுட்டு, கீழ இருக்கறத மேல வெச்சா வெள்ளாமை எப்படி வரும்?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் காடு களத்துமேடு மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பட்டத்தில் கடலை போட்டேன். முளைத்த மூன்றாவது வாரம், கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல் காட்டுக்குக் குறுக்கே ஒரு பிரிவு தெரிந்தது. மண் தள்ளிய பாதி கரும்பச்சை. வெட்டிய பாதி வெளிறிய மஞ்சள். கொழுந்து இலையைப் பறித்துப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் எலுமிச்சை நிறம். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரோடு வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான்கல் வந்தது.

எங்கள் செம்மண் ஒரு முழ ஆழம்தான். அதற்குக் கீழே சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் அதேபோல் கட்டுப்பட்டுக் கிடக்கும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தேன். பட்ட இலை பச்சையாகும், அடுத்து விடும் கொழுந்து மறுபடி மஞ்சளாகவே வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மண் என்பது ஏறத்தாழ 100 கன மீட்டர், 130 டன்னுக்கு மேல். மட்கு, மண்புழு, நுண்ணுயிர் எல்லாம் பெரும்பாலும் மேல் அரை அடியில்தான் இருக்கின்றன. அதைப் புதைத்துவிட்டு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால் எப்படி ஈடு கட்டும்? ஆட்டுக்கிடை போட்டேன். வருடம் தவறாமல் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து மண்ணோடு மடக்கி உழுதேன். கடலைச் செடி இரண்டு பாதியிலும் ஒரே நிறத்துக்கு வர ஏழு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் மழை தள்ளிப்போனால் முதலில் வாடுவது அந்தப் பாதிதான்.

இதைத் தடுக்கும் வழி இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். நான்கைந்து இடத்தில் மூன்றடிக் குழி வெட்டி, கீழே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேல் அரை அடி மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள். அடிமண்ணைச் சமன் செய்த பிறகு, குவித்ததை மேலே பரப்புங்கள். இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும். அந்த வாடகைக்குப் பயந்துதான் பலரும் இதைச் செய்வதில்லை. சுக்கான் மேலாகவே கிடந்தால் அந்த இடத்தை வெட்டவே வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, உழவையும் குறுக்கே ஓட்டுங்கள். சொட்டுநீர் போடுகிறவருக்குக் களம் மாதிரி சமதளம் எதற்கு?

அந்தத் தம்பியின் காட்டில் நான்கு குழி வெட்டினோம். மூன்றில் இரண்டடிக்கு நல்ல மண். வடகிழக்கு மூலையில் கடப்பாரை ஒன்றேகால் அடியில் நங்கென்று நின்றது. அந்த மூலையைத் தொடாமல் வரப்பு மட்டும் போட்டார்.

உவரையும் களரையும் ஒன்றாக நினைப்பது

மண் மேல் வெள்ளை பூத்தாலே ஜிப்சம் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறிய மண்ணுக்கு. உவர் மண்ணில் மிகுந்திருப்பது கரையும் உப்பு. நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வழியாக உப்பை வெளியேற்ற வேண்டும். அங்கே ஜிப்சம் போடுவது வீண் செலவு. இரண்டுக்குமே வடிகால் வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

டிஏபி (மணிச்சத்து உரம்) உடன் துத்தநாக சல்பேட்

கலக்காதீர்கள். தனித்தனியாகப் போடுங்கள்.

பசுந்தாளை முற்ற விடுவது

பூ எடுத்ததும் மடக்கிவிடுங்கள். தண்டு நாராகிவிட்டால் மட்க நாளாகும்.

முழுக்காட்டுக்கும் ஒரே மண் மாதிரி

10, 15 இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் நிறம் வேறாக உள்ள மண்ணையும், வெட்டிய இடத்தையும் தள்ளிய இடத்தையும் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தேன். வந்த பரிந்துரை எந்தப் பாதிக்கும் பொருந்தவில்லை. தம்பி காட்டிலிருந்து இரண்டு பை போயிருக்கிறது, வடகிழக்கு மூலைக்கென்று ஒன்று தனியாக.