வெளியீட்டு நாளோடு முடியாத வேலை: ஆன்லைன் விளையாட்டுச் சேவைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை விற்றுவிட்டால் முடிந்துபோகும் விளையாட்டுக்கும், ஆண்டுக்கணக்கில் இணையத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டிய விளையாட்டுக்கும் ஒரே அச்சில் திட்ட மதிப்பீடு போடுவதுதான் இத்துறையின் மூலத் தவறு. அத்தகைய மதிப்பீட்டில் வெளியீட்டுத் தேதியே கடைசி வரியாக இருக்கும். சேவை விளையாட்டுக்கோ அது முதல் வரி. பத்தாவது மாதத்தில் யார் எந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், அவர்களுடைய சம்பளம் எங்கிருந்து வரும் என்று சொல்லாத மதிப்பீட்டை ஒப்புதலுக்கே அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டஸி 14 இதற்கு மிகச் சிறந்த பாடம். 2010 செப்டம்பரில் வெளியான அதன் முதல் வடிவம் அவ்வளவு மோசமாக வரவேற்கப்பட்டதால், அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, குழுவின் பொறுப்பை நவோகி யோஷிதாவிடம் ஒப்படைத்தது. மாதச் சந்தாவும் 2012 ஜனவரி வரை வசூலிக்கப்படவில்லை. கோளாறு எப்படிப்பட்டது என்பதற்கு யோஷிதா பின்னாளில் ஒரு பூந்தொட்டியை எடுத்துக்காட்டினார். காட்சியில் ஓரமாக நிற்கும் அந்தத் தொட்டியில், விளையாடுபவரின் கதாபாத்திரத்தில் இருந்த அளவுக்கே, ஏறத்தாழ 1,000 பலகோணங்கள் (முப்பரிமாண உருவத்தைக் கட்டும் சிறு தட்டைத் துண்டுகள்) இருந்தன. பலர் கூடி ஆடுவதற்கென்றே உருவான உலகத்தில், கணினியின் திறனைத் தொட்டிகள் எடுத்துக்கொள்ள, ஒரே திரையில் தோன்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை சுருங்கிப்போனது.

இந்த நிலையில் பெரும்பாலானோர் இரண்டில் ஒரு தவறைச் செய்வார்கள்: பழையதை ஒட்டுப்போட்டுக்கொண்டே காலம் கடத்துவார்கள், அல்லது அதைக் கைவிட்டுப் புதியதைக் கட்டப் போய்விடுவார்கள். யோஷிதா பழைய விளையாட்டைத் தொடர்ந்து மேம்படுத்திக்கொண்டே, அதன் பக்கத்திலேயே புதியதைக் கட்டினார். 2012 நவம்பர் 11 அன்று பழைய சர்வர்கள் நிறுத்தப்பட்டன. 2013 ஆகஸ்ட் 27 அன்று புதிய வடிவம் வெளிவந்தது. பழைய விளையாட்டில் தங்கியிருந்த சில ஆட்டக்காரர்களை இழக்காமல் இருப்பதும் திட்டத்தின் ஒரு பகுதி என்று அவர் கணக்கிட்டதுதான் இங்கே முக்கியம். 2019 பிப்ரவரியில் வெளியான ஆன்தம் விளையாட்டின் மறுசீரமைப்போ சுமார் 30 பேர் கொண்ட சிறு குழுவோடு தொடங்கி, 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இத்தகைய மீட்புப் பணிக்கு ஒப்புதல் தரும்போது, அது முடியும்வரை பணமும் ஆட்களும் உண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

அடுத்தது கொள்திறன் கணிப்பு, அதாவது சர்வர்கள் எத்தனை பேரைத் தாங்க வேண்டியிருக்கும் என்ற கணிப்பு. 2016இல் போக்கிமான் கோ வெளியானபோது, எதிர்பார்த்த அளவைப் போல் 5 மடங்கு வரை கூட்டம் வரலாம் என்பதே மிக மோசமான சூழலுக்கான கணிப்பாக இருந்தது. வந்ததோ 50 மடங்கு. வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில், அதாவது கிளவுடில், இயங்கியதால் கொள்திறனை விரைவாகக் கூட்ட முடிந்தது. ஆனால் 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14இன் புதிய விரிவாக்கம் வந்தபோது, உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் புதிய சர்வர்களை நினைத்த வேகத்தில் வாங்க முடியவில்லை. விற்பனையையே சில வாரங்கள் நிறுத்திவைத்து, சந்தாதாரர்களுக்கு இலவச நாட்களை வழங்க வேண்டியதாயிற்று. ஆகவே, பணத்தைக் கொட்டினாலும் விரைவில் கிடைக்காத பொருட்கள் எவை என்ற பட்டியல் மதிப்பீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

ஆட்களின் நேரத்தைக் கணக்கிடுவதில்தான் மிகக் கூடுதலான ஏமாற்றம் நேர்கிறது. ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 பேர் கொண்ட குழுவுக்கு 10 வாரச் சீசன் (விளையாட்டில் புதியவற்றைச் சேர்த்து வெளியிடும் ஒரு சுற்று) என்றால், தாளில் 500 ஆள்நாட்கள் இருக்கின்றன. சர்வர் கோளாறு, ஏமாற்றி ஆடுபவர்கள், வாடிக்கையாளர் புகார் ஆகியவற்றைக் கவனிக்க முறைவைத்து 2 பேர் எப்போதும் வேண்டும். 100 நாட்கள் போயின. கடைசி 2 வாரங்கள் பிழைதிருத்தத்துக்கும் ஆப் ஸ்டோர்களின் ஒப்புதலுக்கும் மட்டுமே என்றால், மீதி 8 பேரின் 80 நாட்கள் போயின. விடுப்புக்கு 40 நாட்கள். முதல் 8 வாரங்களில் 2 பேர் அடுத்த சீசனைத் தொடங்கியிருப்பார்கள், மேலும் 80. எஞ்சுவது 200 நாட்கள். 500 நாட்களை நம்பி வாக்குறுதி கொடுத்துவிட்டு, மீதி 300 நாட்களை ஊழியர்களின் இரவுத் தூக்கத்திலிருந்து எடுப்பது நிர்வாகம் ஆகாது. அப்படி எடுக்கப்பட்ட குழுவில், மூன்றாவது சீசனுக்குள் விஷயம் தெரிந்தவர்கள் விலகிவிடுவார்கள்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தினசரி ஆடுவோர் எண்ணிக்கை மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்பதைப் பார்த்து, சேவை நலமாக இருப்பதாக அறிக்கை எழுதுகிறார்கள். ஓட்டைப் பானையில் குழாயைத் திறந்துவிட்டாலும் தண்ணீர் மட்டம் ஒரே அளவில்தான் நிற்கும். விளம்பரச் செலவு நின்ற வாரத்தில்தான் ஓட்டை தெரியும். ஒரே வாரத்தில் சேர்ந்தவர்களைத் தனித்தனித் தொகுதியாக வைத்து, அவர்களில் எத்தனை பேர் 7ஆம் நாளும் 30ஆம் நாளும் திரும்பி வருகிறார்கள் என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவீடு. வருமானக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும்: டயாப்லோ 3இல் நிறுவனத்துக்கு வருமானம் தந்த, பொருட்களை ஏலத்தில் வாங்கும் வசதி, அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் ஆட்டத்தையே குலைக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை 2014 மார்ச்சில் அந்த விளையாட்டின் நிறுவனமான பிளிசார்ட் மூடியது.

கோளாறு வரும் நாளுக்கான ஆயத்தம் பலருடைய திட்டத்தில் ஒரே வரியாக இருக்கிறது. 2021 அக்டோபர் 28 அன்று தொடங்கி 73 மணி நேரம் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் முடங்கியது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, பழுதான அமைப்பையே கண்காணிப்புக் கருவிகளும் சார்ந்திருந்ததால், எங்கே பழுது என்று பார்க்க உதவ வேண்டிய திரைகளும் சேர்ந்து மங்கிவிட்டன. கண்காணிப்புக்கு ஒரு தனிப் பாதையும், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் ஒத்திகையும் செலவு மிச்சம் என்று வெட்டப்படும் முதல் இனங்களாக இருப்பதை ஏற்கவே முடியாது.

கடைசியாக, மூடும் நாள். 2014இல் வெளியான தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயமாக இருந்ததால், பணம் கொடுத்து வாங்கியவர்களிடம் ஆட முடியாத வட்டு மட்டும் மிஞ்சியது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அதன் அடுத்த பாகத்துக்கு இணையமின்றி ஆடும் முறை அறிவிக்கப்பட்டது. எந்தப் பகுதி சர்வர் இல்லாமலும் இயங்கும், எத்தனை மாத முன்னறிவிப்பு தரப்படும், கட்டண விற்பனை எப்போது நிற்கும் ஆகிய மூன்றையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிட்டால், நிரலாளர் தொடக்கத்திலேயே அதற்கேற்பக் கட்டுவார். பத்து ஆண்டுகள் கழித்து அதே வேலையைச் செய்ய, அந்த நிரலை எழுதியவர் நிறுவனத்தில் இருக்க மாட்டார்.