ஆங்கிலக் கடித முடிவில் ‘லுக் ஃபார்வர்டு டு’

பதிலை எதிர்நோக்குவதாகச் சொல்லும் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்னும் தொடரில், ‘ஹியரிங்’ என்பதற்குப் பதிலாக ‘ஹியர்’ என்று எழுதுவதே நம்மில் பலர் செய்யும் பிழை. ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று எழுதிப் பழகிய கை, இங்கும் வினையின் அடிவடிவத்தையே தேடுகிறது. ஆனால் இந்த ‘டு’ முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்) என்பதால், அதன்பின் பெயர்ச்சொல்லோ, ‘இங்’ ஈற்றுத் தொழிற்பெயரோதான் வர வேண்டும். ஐயம் எழுந்தால் அவ்விடத்தில் ‘யுவர் ரிப்ளை’ என்ற பெயரை வைத்துப் பாருங்கள். அது பொருந்துமானால் வினையையும் தொழிற்பெயராக்கியே எழுத வேண்டும். எதிர்ப்பைத் தெரிவிக்கும் ‘ஆப்ஜெக்ட் டு’ என்பதற்கும் இதே விதிதான். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு’ என்பது பிழையன்று, நண்பருக்கு எழுதுகையில் இயல்பாகவே அமையும். எனினும் விண்ணப்பத்திலும் அலுவல் கடிதத்திலும் ‘ஐ லுக்’ என்ற எளிய நிகழ்காலத்தையே கைக்கொள்ளுங்கள்.