மருத்துவ ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியல்: திருத்துவது, எண்ணுவது, எழுதுவது

பதவி உயர்வுக்கோ ஆய்வு நிதிக்கோ மேற்கோள் எண்ணிக்கை (உங்கள் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்பது) கேட்டால், பலரும் கூகுள் ஸ்காலரில் தெரியும் எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பட்டியல் பிழையாக இருந்தால் அந்த எண்ணும் பிழைதான். பட்டியலைச் சரிசெய்வதே வேலையில் முக்கால் பங்கு.

முதலில் ஓர்சிட் எண் வாங்குங்கள். 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க அடையாளம் இலவசம். ஒரே பெயரில் பலர் எழுதும் துறையில் உங்கள் கட்டுரைகளைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. கட்டுரைப் பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப்புக்கு அனுமதி கொடுத்து, கட்டுரை அனுப்பும்போதெல்லாம் எண்ணையும் சேர்த்தால், பெரும்பாலான புதிய வெளியீடுகள் தாமாகவே வந்து சேரும்.

பழையவற்றுக்கு, மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் தேட வேண்டும். பெயர் அச்சான எல்லா வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள்: ஓர் இனிஷியல், இரண்டு இனிஷியல், திருமணத்துக்கு முந்தைய பெயர். ஆசிரியரின் முழுப்பெயரை இட்டால் பொதுவாக 2002க்குப் பிந்தைய கட்டுரைகளே கிடைக்கும். நிறுவனப் பெயரால் வடிகட்டுவதிலும் சிக்கல் உண்டு. 2014க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே இருக்கும். நீங்கள் மூன்றாவது ஆசிரியர் என்றால் அந்தக் கட்டுரை விடுபட்டுப்போகும்.

கிடைத்ததை ஒரு விரிதாளில் போடுங்கள்: டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்), பப்மெட் எண், ஆண்டு, வகை, ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம். முன்பதிப்பு (சக மதிப்பாய்வுக்கு முன் வெளியாகும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம், பிழைதிருத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி டிஓஐ இருக்கலாம் என்பதால், ஒரே ஆய்வு மூன்று வரிகளாக நிற்கும். பெரிய கூட்டு ஆய்வுகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். பப்மெட் 'ஆசிரியர்' என்றும் 'கூட்டாளர்' என்றும் பிரித்தே காட்டுகிறது. கூட்டாளர் பட்டியலில் மட்டும் பெயர் இருந்தால் அதை உங்கள் கட்டுரையாக எண்ணக் கூடாது.

அடுத்து சுயவிவரப் பக்கங்கள். மேற்கோள் தளமான ஸ்கோப்பஸ் ஒரே ஆளை இரண்டு மூன்று பேராகப் பிரித்துவிடும். இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். கூகுள் ஸ்காலர் செய்வது நேர்மாறு, மற்றவர் கட்டுரைகளையும் உங்கள் கணக்கில் சேர்க்கும். தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, உங்களிடம் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள்.

இனிதான் கணக்கு. மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 22, 9, 6, 5, 3 என்று இருந்தால் எச்-குறியீடு 5: ஐந்து கட்டுரைகள் குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றுள்ளன, ஆறாவதுக்கு ஆறு இல்லை. ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் எண்ணுவதால் ஸ்காலரின் எண் ஸ்கோப்பஸைவிடப் பொதுவாக அதிகம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் கணக்கே பொருளற்றுப்போகும். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் கொண்ட ஒரே கட்டுரை மொத்தத்தைத் தூக்கி நிறுத்தினால், அதைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு எண்கள் கொடுப்பதே நேர்மை.

துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு என்பதால், வெறும் எண்ணிக்கையோடு ஐசைட் தரும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதத்தையும் காட்டுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) நடத்தும் இலவசக் கருவி இது. என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் இடைநிலை மதிப்பே 1.0, 2.0 என்றால் அதைப் போல் இரு மடங்கு. புதிதாக வந்த கட்டுரைகளுக்கு இந்த எண் நிலையாக இராது. இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் மதிப்பாக எழுதாதீர்கள். அது இதழின் மேற்கோள் சராசரி. ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளியான டோரா பிரகடனமும் தனிமனித மதிப்பீட்டுக்கு அது கூடாது என்றே சொல்கிறது.

மருத்துவத்தில் நாங்கள் பெரிதாக மதிப்பது சிகிச்சை வழிகாட்டி நூல்களில் வரும் மேற்கோளைத்தான். நோயாளிக்கு ஆய்வு போய்ச் சேரும் வழி அது. ஆனால் பல வழிகாட்டிகள் பிடிஎஃப்பாக மட்டும் வெளியாவதால் மேற்கோள் தளங்களில் அகப்படாது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடி, வழிகாட்டியின் பெயர், ஆண்டு, எந்தப் பரிந்துரைக்கு ஆதாரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு எண்ணோடும் தளத்தின் பெயர், எடுத்த தேதி, சுயமேற்கோள் நீக்கப்பட்டதா என்ற மூன்றும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன், பட்டியலில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள்; இருந்தால் நீக்காமல், திரும்பப் பெறப்பட்டது என்று அருகிலேயே எழுதிவிடுங்கள்.