கேட்சர் பல வருஷம் ஆட வேண்டுமென்றால்

பேஸ்பாலில் பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முதலில் தேய்வது முழங்கால். அமெரிக்காவின் மேஜர் லீகில் 2,427 ஆட்டங்கள் கேட்சராக ஆடிய ஐவன் ரோட்ரிகஸுக்கும், வேலூரில் கட்டாந்தரையில் குந்துபவருக்கும் அதே கதைதான்.

பேஸில் (ஓடித் தொட வேண்டிய இடங்களில்) ரன்னர் இல்லையா? ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். எறியும் கையைக் கணுக்காலுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். ஃபவுல் டிப், அதாவது பேட்டில் உரசிப் பின்னால் வரும் பந்து, விரல் நுனியில் பட்டால் சீசனே போச்சு.

தரையில் குத்தி வரும் பந்தைப் பிடிக்கப் போகாதீர்கள், மறியுங்கள். இரண்டு முழங்காலும் தரையில், மிட் (கேட்சரின் கையுறை) நடுவில் மண்ணைத் தொட்டபடி, தாடை நெஞ்சோடு, தோள்கள் முன்னால் வளைந்து. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு தளர்ந்து பந்து காலடியிலேயே விழும்; விறைத்தால் தெறித்து ஓடும். பலர் கடைசி நொடியில் முகத்தைத் திருப்புகிறார்கள். மாஸ்க் காப்பது முன்பக்கத்தை. திருப்பினால் கழுத்து வெளியே தெரியும். நம் மைதானங்களில் சரளைக்கல் பந்தைத் திசை மாற்றும் என்பதால், ஆட்டத்துக்கு முன் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டைச் சுற்றிப் பெருக்கிவிடுங்கள்.

ஓடும் ரன்னரை அவுட்டாக்க எறிய வேண்டிய இரண்டாம் பேஸ், ஹோம் பிளேட்டிலிருந்து சுமார் 38.8 மீட்டர். மிட்டில் பந்து பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர 2 நொடி என்றால் மேஜர் லீக் தரம். தோள் பலத்தைவிடக் காலடி வேகமே நேரத்தைக் குறைக்கும்.

சித்திரை, வைகாசியில் பயிற்சியைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். வியர்வையில் ஊறிய மிட்டை வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். பந்தை உள்ளே வைத்து நிழலில் காயவிடுங்கள். லேஸ் அறுந்தால் கவலை வேண்டாம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.