குறைந்த பட்ஜெட்டில் சத்தத்தை அடைக்கும் ஹெட்போன்: படிக்கவும் பயணத்துக்கும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹெட்போன் தேடுகிற பலர் முதலில் பார்ப்பது பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று போட்டிருக்கிறதா என்பதைத்தான். கையில் பணம் குறைவாக இருந்தால் அதைக் கடைசியாகப் பாருங்கள். அந்த ஹெட்போன் உங்கள் காதில் இடைவெளி விடாமல் உட்காருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மலிவான ஹெட்போன்களில் சத்தத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை அந்த அடைப்புதான் செய்கிறது.

சத்தத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காதை வெறுமனே அடைப்பது. இன்னொன்று ஏஎன்சி, அதாவது 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்': ஒரு மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கும், இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய யோசனைதான், பால் லூக் என்பவருக்கு 1936லேயே இதற்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பஸ் இன்ஜின் உறுமல் போன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளம், அதனால் எதிர் அலையைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பது சுலபம். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 8 அல்லது 9 சென்டிமீட்டர்தான், அதில் நேரம் துளி பிசகினாலும் அழியாது. அதனால்தான் ஏஎன்சி ஃபேன், ஏசி, இன்ஜின், விமானம் போன்ற ஒரே சீரான, தாழ்ந்த சுருதிச் சத்தங்களை நன்றாகக் குறைக்கிறது, ஆனால் பக்கத்து மேசையில் நடக்கும் பேச்சு, குழந்தையின் அழுகை, ஹாரன் இவற்றிடம் தடுமாறுகிறது. காதை அடைப்பது இதற்கு நேர்மாறு: உயர்ந்த சுருதி ஒலிகளை நன்றாகத் தடுக்கும், இன்ஜின் உறுமலில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும்.

இதிலிருந்தே முடிவு எடுக்கலாம். படிக்கும்போது தொல்லை பெரும்பாலும் மனிதக் குரல்தான் என்றால், நல்ல அடைப்புள்ள சாதாரண ஒயர் இயர்போனே போதும், ஏஎன்சிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். தினமும் நீண்ட நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறீர்கள், அந்த உறுமல்தான் தலைவலியைத் தருகிறது என்றால் ஏஎன்சி உதவும், அப்போதும் அடைப்பு சரியாக இருந்தால் மட்டுமே.

அப்புறம், பெட்டியில் இருக்கும் எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். ஈஎன்சி, சிவிசி என்று போட்டிருந்தால் அது நீங்கள் ஃபோன் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்பதற்காக, மைக்கில் சேரும் இரைச்சலைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அது எதையும் குறைக்காது. விலை குறைந்த இயர்பட்ஸ் விளம்பரங்களில் இதைத்தான் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வகைகளில் சிலவற்றை உடனே ஒதுக்கிவிடலாம். ரப்பர் முனை இல்லாமல் காதின் வாயிலில் சும்மா தொங்கும் இயர்பட்ஸ் எதையும் அடைக்காது. ஓப்பன்-பேக், அதாவது வெளிப்பக்கம் திறந்திருக்கும் ஹெட்போன், காற்று போய்வரவே செய்யப்பட்டது. காது மடல்மேல் உட்காரும் சின்ன ஹெட்போன்களில் பெரும்பாலும் ஓரங்களில் சத்தம் கசியும். மிஞ்சுவது இரண்டு: காதுத் துவாரத்துக்குள் போகும் இன்-இயர், காதை முழுதாக மூடும், வெளிப்பக்கமும் அடைத்திருக்கும் குளோஸ்டு-பேக். ஒரு அளவுகோலுக்கு, ஸ்டுடியோக்களில் பிரபலமான சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ அதிகபட்சம் 32 டெசிபல் வரை குறைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அதில் ஏஎன்சி கிடையாது. 'அதிகபட்சம்' என்பதைக் கவனியுங்கள், எல்லா ஒலிக்கும் அந்த அளவு குறையாது. எடிமோடிக் நிறுவனத்தின் மூன்றடுக்கு ரப்பர் முனை கொண்ட இன்-இயர்கள் காதுக்குள் ஆழமாகப் போவதால் இன்னும் பலமாக அடைக்கும், ஆனால் அந்த ஆழம் எல்லாருக்கும் ஒத்துவராது. கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் அடைப்பில் பொதுவாக இன்-இயர்தான் முன்னால் நிற்கும்.

கண்ணாடி போடுபவர்களுக்குக் காதை மூடும் வகை கொஞ்சம் பிரச்சனை. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே சத்தம் தாராளமாக நுழையும். மெல்லிய காம்பு, தடித்த மெத்தை என்றால் சமாளிக்கலாம். துணி மெத்தை அவ்வளவாக வியர்க்காது, ஆனால் தோல் போன்ற மெத்தை அளவுக்கு அடைக்காது. மணிக்கணக்கில் படிப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் தலையை எவ்வளவு இறுக்குகிறது என்பதும் முக்கியம்: இறுக்கம் கூடினால் அடைப்பும் கூடும், வலியும் கூடும். முடிந்தால் அரை மணி நேரமாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்-இயர் என்றால் மொத்த விஷயமும் டிப்ஸில்தான், அதாவது காதுக்குள் போகும் அந்த முனைகளில்தான் இருக்கிறது. பெட்டியில் மூன்று அளவு தருவார்கள், நாம் நடுவில் இருப்பதை மாட்டிக்கொண்டு அப்படியே விட்டுவிடுவோம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சகஜம். சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: பாட்டு எதுவும் போடாமல் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள், இரண்டு காதிலும் குரல் ஒரே மாதிரி தலைக்குள் முழங்க வேண்டும். ஒரு பக்கம் முழங்காவிட்டால் அங்கே கசிவு இருக்கிறது. அல்லது பேஸ் (தாழ்ந்த சுருதி அதிர்வொலி) அதிகமுள்ள பாட்டைப் போட்டு இயர்போனை மெல்ல அழுத்துங்கள், அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் டிப் அளவு தப்பு. 'இந்த இயர்போனில் பேஸே இல்லை' என்று ரிவ்யூக்களில் வரும் புகார்களில் நிறைய இந்தக் கசிவால் வந்தவையாகத்தான் இருக்கும்.

ஃபோம் டிப்ஸ் தனியாக வாங்கிப் போடுவதுதான் நான் எல்லாருக்கும் சொல்லும் முதல் மேம்பாடு. இயர்போனின் குழாய் விட்டத்துக்குப் பொருந்துமா என்று மட்டும் முதலில் பாருங்கள். போடும் முறையும் முக்கியம்: விரலால் உருட்டி மெல்லியதாக்குங்கள், மறுகையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுங்கள், உள்ளே வைத்து அது விரியும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோம் சில மாதங்களில் தளர்ந்துவிடும், அப்போது மாற்ற வேண்டியதுதான். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை போன்ற பிரச்சனை இருந்தால் இன்-இயர் வேண்டவே வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

ஒயரா புளூடூத்தா? பட்ஜெட் சின்னது என்றால் என் ஓட்டு ஒயருக்கு. பேட்டரி, சிப், சார்ஜிங் பெட்டி எதற்கும் காசு போகாது, சில வருடங்களில் பேட்டரி தளர்ந்து தூக்கிப்போடும் நிலையும் வராது. ஒயரைக் கழற்றி மாற்றும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒயர்தான். ஒரு தொல்லை உண்டு: நடக்கும்போது ஒயர் சட்டையில் உரசும் ஒலி காதுக்குள் கேட்கும், அதைக் காது மடலுக்கு மேலே சுற்றிப் போட்டால் நன்றாகக் குறையும். ஃபோனில் ஜாக் இல்லையென்றால் டைப்-சி இணைப்பான் தேவைப்படும். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு பயணம் செய்பவர்களுக்கு ஒயர் சிக்கிக்கொண்டே இருக்கும் என்பது உண்மை, அவர்கள் புளூடூத் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், காதுக்காகவே மெனக்கெட வேண்டும். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 83க்கு 20 மணி நேரம், 86க்கு 10, 89க்கு 5. சத்தமான பஸ்ஸில் அடைப்பில்லாத இயர்போனைப் போட்டால் இன்ஜினை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றித்தான் ஆக வேண்டும். நன்றாக அடைத்துவிட்டால் வீட்டில் வைக்கும் வால்யூமுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்கலாம்.

படிப்புக்கு இன்னொரு யோசனை. முழு மௌனம் எந்த ஹெட்போனிலும் கிடைக்காது, மிச்சமிருக்கும் பேச்சுக்குரலை மழைச்சத்தம் அல்லது பிரவுன் நாய்ஸ் (ஒரே சீரான, தாழ்ந்த சுருதி இரைச்சல்) மெல்லமாக ஓடவிட்டு மூழ்கடிக்கலாம். வரிகள் உள்ள பாட்டு படிக்கும் வரிகளோடு போட்டி போடும், அதைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இசையே வேண்டாம், அமைதி மட்டும்தான் வேண்டும் என்றால் ஹெட்போனே வாங்காதீர்கள், தொழிற்சாலைகளில் போடும் ஃபோம் காதடைப்பான் மிக மலிவு, வேலையும் நன்றாகச் செய்யும். அதற்கு மேல் இயர்மஃப் (காதை வெளியே மூடும் கவசம்) போட்டால் இரண்டின் அளவும் அப்படியே கூடாது, சுமார் 5 டெசிபல்தான் கூடுதலாகக் குறையும்.

பயணத்தில், சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள், இதில் சமரசமே வேண்டாம். இறங்கும் இடம் நெருங்கும்போது அறிவிப்பு கேட்க ஒரு பக்கமாவது எடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், டிப்ஸ் காதில் பட்டுவிட்டால் இன்-இயரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. கைக்கு வந்த அன்றே, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலும் வழக்கமாகப் போகும் வண்டியிலும் போட்டுப் பாருங்கள், வால்யூமை ஏற்றத் தோன்றுகிறது என்றால் முதலில் டிப்ஸை மாற்றுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் நாள் கடத்தாமல் திருப்பிவிடுங்கள்.